பிரதிவாதி: 50 டப்பா முட்டை

‘கெட்டுப்போன இறைச்சி பறிமுதல்’ என்று செய்தித்தாளில் தலைப்பு வந்தால் பலருக்கும் ஒரே காட்சிதான் மனத்தில் ஓடும். அதிகாரி வந்தார், முகர்ந்து பார்த்தார், பினாயிலை ஊற்றி அழித்தார், கடைக்காரருக்குத் தண்டனை கிடைத்தது. முதல் மூன்றும் சில இடங்களில் நடப்பவைதான். நான்காவது பறிமுதலோடு சேர்ந்ததே அல்ல. பறிமுதலைத் தண்டனை என்று எண்ணுகிறவர்கள் ஒரு பக்கம். கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிப்போக அரசுக்கு அதிகாரம் உண்டு என்று எண்ணுகிறவர்கள் இன்னொரு பக்கம். இருவரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஆளுக்கும் பொருளுக்கும் நடுவே சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. அது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

அந்தக் கோட்டைத் தெளிவாகப் பார்க்க, அமெரிக்காவில் 1906இல் வந்த தூய உணவு, மருந்துச் சட்டத்துக்குப் போகவேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டங்களில் மூத்தது அது அல்ல, இங்கிலாந்து முந்திக்கொண்டது. ஆனால் பறிமுதல் எப்படி இயங்குகிறது என்பதை உறுப்பு உறுப்பாகக் கழற்றிப் பார்க்க இதைவிட வசதியான சட்டம் இல்லை.

பட்டியில் அடைத்த மாடு

கிராமத்தில் ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அடுத்தவர் வயலில் மேய்கிறது. இது யார் மாடு, வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டார்களா, தானாக வந்ததா என்று விசாரித்துவிட்டு வருகிறேன் என்று காவல்காரர் கிளம்பிப் போகமாட்டார். போய்த் திரும்புவதற்குள் பாதிப் பயிர் மாட்டின் வயிற்றுக்குள் இருக்கும். முதலில் மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைப்பார். பவுண்டு என்றும் கொண்டித் தொழு என்றும் அதற்கு ஊருக்கு ஒரு பெயர். சொந்தக்காரர் வந்தால் கட்டணத்தைச் செலுத்தி ஓட்டிக்கொண்டு போகலாம். யாரும் வராவிட்டால் மாடு ஏலத்துக்குப் போகும்.

இங்கே அடைபட்டது மாடு, மனிதர் அல்ல. அவர் யோக்கியரா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. மேய்ந்த பயிருக்கு நஷ்டஈடு கேட்பதானால் அது வேறு வழக்கு. அதில்தான் அவர் பெயர் வரும். உணவுப் பறிமுதலும் இதே தர்க்கத்தில்தான் நடக்கிறது. தீங்கு செய்யக்கூடிய பொருளை முதலில் ஓரிடத்தில் நிறுத்து; ஆளைப் பற்றிய பேச்சு பிறகு.

உணவு ரயில் ஏறிய பிறகு

19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்கர்களின் சாப்பாடு ரயில் ஏறியது. பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய பெட்டிகளில் இறைச்சியும், தகர டப்பாக்களில் காய்கறியும் முட்டையும் ஆயிரம் மைல் பயணம் செய்தன. விற்றவர் முகத்தை வாங்கியவர் பார்க்க வழியில்லாமல் போயிற்று. மாநிலங்கள் தத்தம் எல்லைக்குள் உணவுச் சட்டங்கள் வைத்திருந்தன. ஆனால் இல்லினாய் மாநில ஆய்வாளர் மிசௌரி மாநிலத் தொழிற்சாலைக்குள் நுழைய முடியாது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று 1879 முதல் 1906 வரை நூற்றுக்கும் மேற்பட்ட மசோதாக்கள் அமெரிக்கக் காங்கிரசுக்கு வந்தன. ஏறத்தாழ அத்தனையும் ஏதோ ஒரு கட்டத்தில் தேங்கிப்போயின.

வேளாண் துறையின் வேதியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஹார்வி வைலி இந்தச் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் சலிக்காமல் போராடினார். உணவு கெடாமலிருக்கச் சேர்க்கப்பட்ட போராக்ஸ் போன்ற வேதிப்பொருள்களை இளம் தன்னார்வலர்களுக்கு உணவோடு கொடுத்து அதன் விளைவைக் கவனிக்கும் சோதனையை 1902இல் தொடங்கினார். செய்தித்தாள்கள் அந்த இளைஞர்களுக்கு ‘நஞ்சுப் படை’ என்று பெயர் வைத்தன. இன்று எந்த ஆய்வு நெறிக்குழுவும் இதற்கு ஒப்புதல் தராது என்பது வேறு விஷயம். இதற்கிடையே சிகாகோ இறைச்சிக்கூடங்களின் அருவருப்பு அம்பலமாகி மக்கள் கொதித்தார்கள். 1906 ஜூன் 30 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஒரே நாளில் இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார்.

ஒன்று இறைச்சிச் சோதனைச் சட்டம். அதன்படி அரசு ஆய்வாளர் இறைச்சிக்கூடத்துக்குள்ளேயே இருந்து பார்ப்பார். தகாததை அங்கேயே ஒதுக்குவார். மற்றொன்று உணவு, மருந்துச் சட்டம். இதில் தொழிற்சாலை வாசலில் காவல் இல்லை. சரக்கு கிளம்பிய பிறகுதான் அரசு அதைத் துரத்த முடியும். பறிமுதல் இந்த இரண்டாவது சட்டத்தின் ஆயுதம். 1907 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

உணவையே கூண்டில் ஏற்றுவது

சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்வது இது: கலப்படமான உணவு ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்பனைக்காகப் போய்க்கொண்டிருந்தாலும், போய்ச் சேர்ந்து இறக்கப்படாமலோ விற்கப்படாமலோ பிரிக்காத மூலப் பொதியிலோ இருந்தாலும், அது எங்கே கிடக்கிறதோ அந்த வட்டாரத்து மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் அந்த உணவின்மீதே வழக்குப் போடலாம், நீதிமன்றத்தின் வழியாக அதைக் கைப்பற்றலாம்.

உணவின் மீதே. எழுத்துப்பிழை இல்லை. இப்படிப்பட்ட வழக்கைப் பொருள்மீதான வழக்கு என்பார்கள்: பிரதிவாதி மனிதரோ நிறுவனமோ அல்ல, பொருளே பிரதிவாதி. அதனால்தான் அந்தக் கால அமெரிக்கத் தீர்ப்புத் தொகுதிகளில் ‘அமெரிக்க அரசு எதிர் 40 பீப்பாய், 20 சிறுபீப்பாய் கோகோ கோலா’ போன்ற தலைப்புகள் கிடக்கின்றன. 1909இல் டென்னசி மாநிலத்தில் கைப்பற்றிய அந்தப் பானக்கூழ் கெட்டுப்போனதல்ல; அதில் சேர்த்த கஃபீன்தான் தகராறு. வழக்கு 1916இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ‘443 டப்பா உறைந்த முட்டை எதிர் அமெரிக்க அரசு’ என்று 1912இல் முட்டையே மேல்முறையீடு செய்ததுபோல ஒரு தலைப்பும் உண்டு. சட்ட மாணவர்கள் இவற்றைப் படித்துச் சிரிப்பது நியாயம்தான். ஆனால் இந்தத் தலைப்புகள் விளையாட்டாக வைத்தவை அல்ல.

இந்த முறை கடலிலிருந்து வந்தது. துறைமுகத்துக்கு வந்த கப்பல் யாருடைய சரக்கையோ சேதப்படுத்திவிட்டது, அல்லது மாலுமிகளுக்குக் கூலி பாக்கி வைத்திருக்கிறது. கப்பல் முதலாளி வேறு நாட்டில் இருக்கிறார். நாளை காலையில் கப்பல் நங்கூரம் எடுத்துவிட்டால் எல்லாம் போயிற்று. ஆகவே கப்பலையே பிரதிவாதியாக்கி அதைப் பிடித்து நிறுத்தும் வழக்கம் கடல்சார் நீதிமன்றங்களில் நெடுங்காலமாக இருந்தது. 1906ஆம் ஆண்டுச் சட்டம் இதை அப்படியே கடன் வாங்கியது. கடல் வழக்குகளின் முறையை இயன்றவரை பின்பற்ற வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒன்றை மட்டும் கூடுதலாகச் சேர்த்தார்கள்: உண்மை பற்றிய தகராறு வந்தால் இரு தரப்பில் யாரும் ஜூரி விசாரணை கேட்கலாம்.

நடைமுறையைப் பார்ப்போம். ஆய்வாளர் மாதிரி எடுப்பார். வேதியியல் பிரிவின் ஆய்வகம் சோதிக்கும். குறை தெரிந்தால் வேளாண் துறைச் செயலாளர் மத்திய அரசின் மாவட்ட வழக்கறிஞருக்குத் தெரிவிப்பார். மாநிலத்து உணவு அதிகாரியும் போதிய சான்றோடு இந்த வழக்கறிஞரிடம் போகலாம். அவர் நீதிமன்றத்தில் மனுப் போடுவார். நீதிமன்றம் ஆணையிட்ட பிறகு, அதன் ஆணைகளை நிறைவேற்றும் மத்திய அதிகாரியான மார்ஷல் போய்ச் சரக்கைக் கைப்பற்றுவார். ஆக, முகர்ந்து பார்த்தவர் ஒருவர், வழக்குப் போட்டவர் ஒருவர், எடுத்தவர் மற்றொருவர். எதை அழிப்பது என்று சொல்லவேண்டியவர் நீதிபதி.

ஆளுக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள கோடு இதைவிடத் தெளிவாகத் தெரியும் இடம் 9ஆம் பிரிவு. மளிகைக் கடைக்காரர் ஒருவர், இந்தச் சரக்கு சட்டப்படி சரியானது என்று உள்நாட்டு உற்பத்தியாளரோ மொத்த வியாபாரியோ கையெழுத்திட்ட உத்தரவாதத்தைக் காட்டினால் அவர்மீது குற்ற வழக்குப் போட முடியாது. சரக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. கடைக்காரர் உத்தமராகவே இருக்கலாம். டப்பாவுக்குள் இருப்பது அழுகல் என்றால் அது போயே தீரவேண்டும்.

இதுவரை சொன்னதில் மனத்தில் வைக்கவேண்டியது: பறிமுதல் ஒரு சிவில் வழக்கு, அதில் குற்றவாளி என்று யாரும் இல்லை. தண்டனை தனிப் பாதை. முதல் குற்றத்துக்கு அந்தத் தண்டனை 200 டாலருக்கு மேற்படாத அபராதம்தான். ஒரு ரயில் பெட்டி நிறைய சரக்கை இழப்பவருக்கு அந்த அபராதம் வெற்றிலைச் செலவு. தண்டனையே அல்லாத பறிமுதல் தண்டனையைவிட வலித்தது என்பதுதான் வேடிக்கை.

எவ்வளவு கெட்டால் ‘கெட்டது’?

சட்டத்தில் கலப்படம் என்றால் பாலில் தண்ணீர் ஊற்றுவது மட்டும் அல்ல. உணவுக்கு ஆறு வகைக் கலப்படங்களை அது வரையறுத்தது. தரம் குறையும்படி வேறொன்றைக் கலப்பது, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைப்பது, சத்தை உருவிவிடுவது, குறையை மறைக்க நிறம் பூசுவது ஆகியவை முதல் நான்கு. ஐந்தாவது, உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடிய நச்சுப்பொருளைச் சேர்ப்பது. ஆறாவதுதான் நமக்கு வேண்டியது: முழுவதுமோ ஒரு பகுதியோ அசுத்தமான, சிதைந்த, அழுகிய விலங்குப் பொருளாலோ தாவரப் பொருளாலோ ஆன உணவு, நோயுற்ற விலங்கிலிருந்து வந்தது, வெட்டப்படாமல் தானாகச் செத்த விலங்கிலிருந்து வந்தது.

கெட்டுப்போன உணவுக்கு யாரும் எதையும் ‘கலக்க’வில்லையே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் சட்டம் அதையும் கலப்படம் என்ற ஒரே கூரைக்குள் கொண்டுவந்துவிட்டது. இனி இந்தக் கட்டுரையில் கலப்படம் என்றால் இந்த விரிந்த பொருளில்தான்.

ஐந்தாவதையும் ஆறாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்தாவதில் உடல்நலக்கேடு என்ற சொல் இருக்கிறது. ஆறாவதில் இல்லை. இந்த வேறுபாடு சின்னதல்ல. 1914இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மாவு வழக்கு வந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் லெக்சிங்டன் ஆலையிலிருந்து மிசௌரிக்குப் போன 625 மூட்டை கோதுமை மாவு. நைட்ரஜன் பெராக்சைடு வாயுவால் வெளுக்கப்பட்டது. நச்சுப்பொருள் துளி இருந்தாலும் போதும், பறிமுதல் செய்யலாம் என்றது அரசு. நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. சேர்த்த பொருளால் இந்த மாவு உண்பவருக்குக் கேடு விளையக்கூடும் என்பதை அரசு நிறுவியாக வேண்டும் என்றது.

அழுகலுக்கு வந்தால் சட்டவாசகம் அப்படிக் கேட்கவே இல்லை. அழுகிய தக்காளியை நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமிகள் செத்துவிடும். தின்றவருக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனாலும் ஆறாவது வாசகத்தின்படி அது கலப்படமே. ‘யாருக்கும் வாந்தி பேதி வரவில்லையே, பிறகு ஏன் எடுத்தார்கள்?’ என்பது இன்றும் கேட்கிற கேள்வி. சட்டம் அங்கே காப்பது வயிற்றை மட்டும் அல்ல. அழுகியதை நல்லதென்று நம்பி வாங்கி உண்ணும்படி யாரையும் வைக்கக்கூடாது என்பதும் அதில் அடங்கும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

சரி, சிதைவை நிரூபிப்பது எப்படி? அளவு எதையும் சட்டம் சொல்லவில்லை. மூக்கு நல்ல கருவிதான்; ஆனால் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பும் தன் மூக்கைக் கொண்டுவரும். அதோடு வியாபாரிகளும் மூக்கை ஏமாற்றத் தெரிந்தவர்கள். அழுகிய தக்காளியை வினிகர், சர்க்கரை, மசாலாவோடு காய்ச்சிக் கெட்சப் ஆக்கினால் மணமணக்கும். உடைந்த, புள்ளி விழுந்த முட்டைகளை ஒன்றாகக் கலக்கி உறைய வைத்தால் குளிரில் நாற்றம் அடங்கிவிடும். அடுமனைக்காரர் அதைக் கேக்கில் போட்டுவிடுவார்.

வேதியியல் பிரிவில் இருந்த பர்ட்டன் ஹோவர்டு இதற்கு நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார். பூஞ்சை பிடித்த தக்காளியைக் கொதிக்க வைத்தால் பூஞ்சை சாகும். ஆனால் அதன் இழைகள் கரைந்து மறைவதில்லை. கெட்சப்பில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வெவ்வேறு இடங்களைப் பார்த்து, எத்தனை இடங்களில் இழை தெரிகிறது என்று எண்ணினால், தொட்டிக்குள் எவ்வளவு அழுகல் போயிருக்கும் என்று கணிக்கலாம். 1911இல் வெளியான இந்த எண்ணும் முறைக்கு ஹோவர்டின் பெயரே நிலைத்தது. முட்டை, கோழி இறைச்சிப் பக்கம் அதே பிரிவைச் சேர்ந்த மேரி பென்னிங்டன் பிலடெல்பியா ஆய்வகத்தில் உழைத்தார். எந்த வெப்பநிலையில், எத்தனை நாளில், எப்படிக் கெடுகிறது என்பதை ஆராய்ந்தார். சட்டத்தில் இருந்த ஒரு சொல்லுக்கு ஆய்வகங்கள் இப்படித்தான் மெல்ல மெல்ல அளவுகோல் செய்தன.

சுருக்கமாக: கெட்ட உணவு சட்டத்தின் பார்வையில் கலப்படம்; அது யாருக்காவது நோய் தந்ததா என்று அரசு காட்டவேண்டியதில்லை; ஆனால் அது கெட்டதுதான் என்பதைச் சான்றோடு காட்டவேண்டும்.

சட்டத்தின் கை எட்டும் தூரம்

அரசு எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்புக்கு இங்கே ஒரு தடை இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசுக்கு உணவின் மேல் பொதுவான அதிகாரம் எதுவும் இல்லை. அரசமைப்புச் சட்டம் அதற்குக் கொடுத்தது மாநிலங்களிடை வணிகத்தின் மேல் அதிகாரம். அதாவது ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வியாபாரத்தை ஒழுங்குபடுத்துவது. சிகாகோவில் வெட்டி சிகாகோவிலேயே விற்ற கெட்ட கோழியை 1906ஆம் ஆண்டுச் சட்டம் தொடவில்லை. அதற்கு மாநிலச் சட்டமும் நகராட்சி விதியும்தான் துணை.

அப்படியானால் சரக்கு போய்ச் சேர்ந்து, வாங்கியவர் தன் அறையில் அடுக்கி வைத்துவிட்டார் என்றால்? பயணம் முடிந்துவிட்டதே, இனி மத்திய அரசுக்கு என்ன வேலை? இதே கேள்வியோடுதான் தலைப்பில் உள்ள முட்டை உச்ச நீதிமன்றம் ஏறியது.

மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிசில் இருந்த ஹிப்போலைட் எக் கம்பெனி முட்டையை உடைத்து டப்பாவில் அடைத்து விற்றது. இல்லினாய் மாநிலம் பியோரியாவின் ஒரு பேக்கரி நிறுவனத்துக்கு அந்த டப்பாக்கள் போயின. அவற்றில் 50 டப்பாக்களை அரசு பேக்கரியின் சேமிப்பறையில் கைப்பற்றியது. முட்டையில் போரிக் அமிலம் ஏறத்தாழ 2 சதவீதம் இருந்தது. கெடாமல் வைக்கச் சேர்ப்பது அது. கெட்டதை நல்லதுபோலக் காட்டவும் உதவும். எனவே இது ஐந்தாவது வகைக் கலப்படம், ஆறாவது அல்ல. ஆனால் பறிமுதலின் எல்லை எது என்ற கேள்விக்கு விடை இரண்டுக்கும் ஒன்றே.

கம்பெனி சொன்ன வாதம் கெட்டிக்காரத்தனமானது. இந்த முட்டை அப்படியே விற்பதற்காக வந்ததல்ல, கேக் செய்ய வந்த மூலப்பொருள். பயணம் முடிந்து பேக்கரியின் சொத்தோடு கலந்துவிட்டது. மாநிலங்களிடை வணிகம் அத்தோடு முடிந்தது. 1911 மார்ச்சில் நீதிபதி மெக்கென்னா எழுதிய தீர்ப்பு இதை ஏற்கவில்லை. இந்த டப்பாக்கள் வணிகத்தில் சட்டத்துக்குப் புறம்பானவை. அத்தகைய பொருளை எங்கே கண்டாலும் பிடிக்கலாம். மூலப் பொதி பிரியாமல் இருக்கும்வரை கை எட்டும் என்றது. எல்லை தாண்டி ஓடிவந்தது ஓர் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டால் யோக்கியமாகிவிடாது என்பதே அதன் சாரம். முட்டைக்காக வாதாட வந்த கம்பெனி வழக்குச் செலவையும் கட்டவேண்டியதாயிற்று.

முதலில் அழி, பிறகு பேசு

மேலே சொன்னது நிதானமான பாதை. மனு, ஆணை, மார்ஷல், விசாரணை. நகராட்சிகளின் பாதை இப்படி இல்லை. 1906 அக்டோபரில் சிகாகோ நகரச் சுகாதார அதிகாரிகள் ஒரு குளிர்பதனக் கிடங்குக்குப் போய், அங்கிருந்த 47 பீப்பாய் கோழி இறைச்சி அழுகிவிட்டது, கொடுங்கள், அழிக்கவேண்டும் என்றார்கள். கிடங்கு நிறுவனம் மறுத்தது. அப்படியானால் உங்கள் கிடங்குக்குச் சரக்கு வரவும் போகவும் விடமாட்டோம் என்று நகரம் வழியை அடைத்தது.

நிறுவனம் நீதிமன்றம் போனது. விசாரணை இல்லாமல் என் பொருளை அழிப்பது அரசமைப்புக்கு விரோதம். கோழி உறைந்துதான் கிடக்கிறது, எங்கும் ஓடிவிடாது, விசாரிக்க நேரம் இருக்கிறதே என்றது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. 1908இல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. மனித உணவுக்குத் தகாத பொருளை வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை. முன்கூட்டி விசாரணை வேண்டுமா என்பதை மாநிலச் சட்டமன்றம் முடிவு செய்யலாம். உரிமையாளருக்கு விசாரணை மறுக்கப்படவில்லை, பிந்துகிறது, அவ்வளவே என்றது. கோழி உண்மையில் நல்ல கோழிதான் என்று அவர் பிறகு வழக்காடி நிறுவினால், அழித்தவர்கள் நஷ்டஈடு தரவேண்டும். அதிகாரியின் சொல்லே இறுதி என்று எண்ணுகிறவர்கள் தவறவிடும் பகுதி இது. அழிக்கும் அதிகாரத்தோடு, அவசரப்பட்டு அழித்தால் பதில் சொல்லும் பொறுப்பும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

இங்கிலாந்து இதற்கு நடுவழி ஒன்றை முன்பே கண்டிருந்தது. 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி சுகாதார அதிகாரி சந்தையில் விற்பனைக்கு வைத்திருக்கும் இறைச்சி, மீன், காய்கறி, ரொட்டி, பால் எதையும் சோதிக்கலாம். தகாததென்று பட்டால் உடனே எடுக்கலாம். ஆனால் அழிப்பதற்குமுன் நீதிபதி ஒருவர் முன்னால் அதைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். அவர் பார்த்துச் சொன்ன பிறகே அழிவு. நாற்றம் பிடித்த மீனை மேசையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

நம்முடைய சட்டங்கள் இந்த ஆங்கிலேய மரபின் பக்கம்தான் நிற்கின்றன. சென்னை மாகாணம் 1918இலேயே தனக்கென ஒரு கலப்படத் தடுப்புச் சட்டம் இயற்றியது. நாடு தழுவிய சட்டம் 1954இல் வந்தது. இப்போது நடப்பது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தரநிலைச் சட்டம். அமெரிக்க முறையில்போல நீதிமன்ற ஆணைக்குக் காத்திராமல் உணவுப் பாதுகாப்பு அலுவலரே பறிமுதல் செய்யலாம். மாதிரி எடுத்துக்கொண்டு சரக்கைக் கடைக்காரரின் பொறுப்பிலேயே விட்டு அதற்குப் பிணைப் பத்திரம் கேட்கலாம். பிணைப் பத்திரம் என்பது, சொன்ன சொல் தவறினால் இவ்வளவு பணம் கட்டுகிறேன் என்று எழுதிக்கொடுப்பது. அலுவலருக்கும் ஒரு கடிவாளம் உண்டு: நியாயமான காரணம் இல்லாமல், தொல்லை கொடுக்கும் நோக்கில் பறிமுதல் செய்தால் 39ஆம் பிரிவின்படி அவருக்கே ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

எடுத்தது எங்கே போகும்?

அமெரிக்கச் சட்டத்துக்குத் திரும்புவோம். கைப்பற்றியதும் அறிவிப்பு வெளியாகும். இது என் பொருள் என்று வந்து நிற்பவர் உரிமைகோருபவர். அவர் வழக்காடலாம். வராவிட்டால் எதிர்த்தரப்பு இல்லாமலேயே தீர்ப்பு. வழக்கு முடிவுகளை வேளாண் துறை வெளியிட்டுவந்தது, அவற்றைப் புரட்டினால் ‘உரிமைகோரி யாரும் வரவில்லை, மார்ஷல் அழிக்க ஆணையிடப்பட்டது’ என்ற வரி சலிக்கச் சலிக்க வரும். அழுகிய முட்டைக்குத் தந்தை என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை வரும்?

அழிப்பது மட்டுமே முடிவு அல்ல. நீதிமன்றம் விற்கவும் ஆணையிடலாம். செலவு போக மிச்சம் அரசுக் கருவூலத்துக்கு. ஆனால் இந்தச் சட்டத்தையோ அந்த மாநிலச் சட்டத்தையோ மீறும்படி விற்கக்கூடாது. மூன்றாவது வழியும் இருந்தது. உரிமையாளர் செலவைக் கட்டி, சட்டத்துக்கு விரோதமாக விற்கமாட்டேன் என்று பிணைப் பத்திரம் கொடுத்தால் பொருளைத் திரும்பப் பெறலாம். நல்லதையும் கெட்டதையும் பிரித்து எடுக்கவும், தின்ன முடியாதபடி ஆக்கி வேறு தொழிலுக்கு அனுப்பவும் இது உதவியது. தோல் பதனிடுகிறவர்கள் கெட்ட முட்டையையும் வாங்குவார்கள். தோல் தொழிலுக்கு என்று சொல்லி வாங்கிய முட்டை பேக்கரிக்குப் போய்விடாமல் பார்ப்பதற்குத்தான் பிணைப் பத்திரம் தேவைப்பட்டது.

பறிமுதலால் முடியாதது

பறிமுதல் கண்ணில் பட்ட சரக்கை மட்டுமே பிடிக்கும். பியோரியாவில் 50 டப்பாவை எடுத்தால், அதே தொட்டியிலிருந்து வேறு ஊருக்குப் போன டப்பாக்களுக்கு ஒன்றும் ஆகாது. அவை கிடக்கும் ஊரில் தனியே கண்டுபிடித்து அங்கே தனியே வழக்குப் போடவேண்டும். தொழிற்சாலை அழுக்காக இருக்கிறது என்பதற்காக 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் சரக்கைத் தொட முடியாது. அழுக்கு உணவுக்குள் போய்விட்டது என்று காட்டவேண்டும். அதே தவற்றை நாளைக்கும் செய்யாதே என்று நிறுவனத்தைத் தடுக்கவும் வழியில்லை.

1938 ஜூன் 25 அன்று கையெழுத்தான புதிய சட்டம் இந்த ஓட்டைகளில் இரண்டை அடைத்தது. உணவு மாசுபட்டிருக்கக்கூடிய அளவுக்குச் சுகாதாரக்கேடான இடத்தில் செய்ததோ வைத்ததோ ஆனாலே அது கலப்படம் என்றது. நிறுவனத்துக்கு எதிராகத் தடையாணை கேட்கவும் வழி செய்தது. பறிமுதல் என்ற முறை அப்படியே தொடர்ந்தது. பொருள் மீதான வழக்குகளும் விசித்திரத் தலைப்புகளும் தொடர்ந்தன.

பலரும் பறிமுதலோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, சந்தையிலிருந்து திரும்பப் பெறுதல். நிறுவனமே கடைகளிலிருந்து தன் சரக்கைத் திருப்பி வாங்கிக்கொள்வது அது. அரசு எடுப்பதில்லை, நீதிமன்றமும் நடுவில் இல்லை. ஒரே நேரத்தில் நூறு ஊர்களில் கிடக்கும் சரக்குக்கு இதுதான் விரைவான வழி. ஆனால் 2011 ஜனவரி வரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு, குழந்தைகளுக்கான பால்மாவு தவிர்த்த உணவுகளைத் திரும்பப் பெறும்படி ஒரு நிறுவனத்துக்குக் கட்டளையிடும் அதிகாரம் கிடையாது, கேட்டுக்கொள்ளத்தான் முடியும். நிறுவனம் மறுத்தால், 1907இல் செய்ததைப் போலவே சரக்கு கிடக்கும் ஊரைத் தேடிப்போய் அதன்மேல் வழக்குப் போடவேண்டியிருந்தது.